அருவிமேல் ஒரு வீடு: ஃபாலிங்வாட்டரின் வரவும் செலவும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் ஊர்ப் பழமொழி. இரண்டிலும் முதலில் போட்ட கணக்கு ஒன்றாகவும் கடைசியில் ஆன செலவு வேறாகவும் இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் சொல்லி வைத்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய ஜவுளி-பல்பொருள் கடை முதலாளி அப்படி ஒரு வீட்டைக் கட்டிப் பார்த்தார். அவர் போட்ட கணக்கு சுமார் 35,000 டாலர். முடிந்தபோது ஆனது 1,55,000 டாலர். அந்த வீடு இன்று உலகப் பாரம்பரியச் சின்னம்!

வீட்டின் பெயர் ஃபாலிங்வாட்டர். கட்டியவர் பெயர் எட்கர் காஃப்மன். வடிவமைத்தவர் ஃப்ராங்க் லாயிட் ரைட். "இயற்கையோடு இயைந்த வீடு" என்று யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் காட்டும் படம் இந்த வீட்டின் படம்தான். காட்டுக்கு நடுவே பாறைகள், பாறைகள் மீது அருவி, அருவிக்கு மேலே தட்டுத் தட்டாக நீண்டு நிற்கும் கான்கிரீட் மாடங்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

ஆனால் படத்தில் தெரியாத ஒரு சங்கதி உண்டு. இந்த வீடு கட்டிய நாளிலிருந்தே மெதுவாகக் கீழே சாய்ந்துகொண்டிருந்தது. அது ஓடையில் விழாமல் நிற்பதற்குக் காரணம் யார் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

வீடு இருக்கும் இடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் போனால் மில் ரன் என்ற சிற்றூர் வருகிறது. அதன் அருகே காட்டுக்குள் பேர் ரன் என்ற ஓடை. பேர் என்றால் கரடி. கரடி ஓடை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வீட்டைப் பார்க்க வருபவர்கள் முன்கூட்டியே சீட்டு வாங்கிக்கொண்டு, வரவேற்புக் கூடத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்து இறங்குகிறார்கள். வீடு தெரிவதற்கு முன்பே தண்ணீர்ச் சத்தம் கேட்கும். ஓடையின் மேல் ஒரு சிறிய பாலம். அதில் நின்றால்தான் வீடு முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. வழிகாட்டி ஒருவர் குழுவாக உள்ளே அழைத்துப் போகிறார்.

பெரிய பணக்காரர் வீடாயிற்றே, வாசல் பிரம்மாண்டமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். வாசல் வீட்டின் பின்பக்கம், பாறைச் சரிவை ஒட்டி, கற்சுவர்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. நுழையும் இடம் குறுகல், கூரை தாழ்வு. உயரமானவர்கள் தன்னையறியாமல் தலையைக் குனிவார்கள். இரண்டு மூன்று படி ஏறியதும் திடீரென்று பெரிய கூடம் திறக்கிறது. மூன்று பக்கமும் கண்ணாடி, வெளியே மரங்கள். கூரை அங்கும் உயரமில்லை. பார்வை மேலே போகாமல் வெளியே போக வேண்டும் என்பதற்காகவே ரைட் அப்படிச் செய்தார்.

கூடத்தின் தரை ஓடைக்கல் போலப் பாவிய கல்தளம், மெழுகு பூசிப் பளபளப்பாக இருக்கும். கணப்படுப்பின் முன்னால் மட்டும் ஒரு பெரிய பாறை தரையைப் பிளந்துகொண்டு எழுந்தது போல நிற்கிறது. அது கொண்டுவந்து வைத்த பாறை அல்ல. மலையிலேயே இருந்த பாறை. வீடு கட்டுமுன் காஃப்மன் குடும்பத்தார் அதன் மேல்தான் உட்கார்ந்து பொழுதைக் கழிப்பார்களாம். அதற்கு மட்டும் மெழுகு கிடையாது. அதனால் ஈரத்தளத்திலிருந்து காய்ந்த பாறை ஒன்று தலை நீட்டுவது போன்ற தோற்றம் கிடைக்கிறது.

கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் படிக்கட்டு நேராக ஓடைக்கு இறங்குகிறது. சன்னல் கண்ணாடிகள் பல இடங்களில் சட்டம் இல்லாமல் கற்சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கின்றன. மூலைச் சன்னல்களைத் திறந்தால் மூலையில் தூண் எதுவும் நிற்காது; அறையின் மூலையே காணாமல் போய்விடும். வெளியே வண்டிப் பாதைக்கு மேலே போகும் கான்கிரீட் விட்டங்களில் ஒன்றை மரத்துக்கு இடம் விட்டு வளைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு இருந்தும் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் அந்தப் புகழ்பெற்ற அருவி தெரியாது. சத்தம்தான் கேட்கும். படத்தில் வரும் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் வீட்டை விட்டு வெளியே வந்து ஓடையின் கீழ்ப்பக்கம் நடந்து போக வேண்டும். இதற்கும் காரணம் ரைட்தான். அதற்கு முன் அந்த இரண்டு பேரையும் பற்றி...

கடை முதலாளியும் கட்டடக் கலைஞரும்

காஃப்மன்ஸ் என்பது பிட்ஸ்பர்க்கின் மிகப் பெரிய கடைகளில் ஒன்று. 1871-இல் காஃப்மன் குடும்பத்தின் முந்தைய தலைமுறைச் சகோதரர்கள் சிறிய துணிக்கடையாகத் தொடங்கியது. எட்கர் காஃப்மன் காலத்தில் அது பல மாடிக் கடையாக வளர்ந்து நின்றது. பிட்ஸ்பர்க் அப்போது இரும்பு உருக்கும் ஊர். ஆலைப் புகையால் பகலிலேயே தெருவிளக்கு ஏற்ற வேண்டிய நாட்கள் உண்டு. அந்தப் புகையிலிருந்து தப்பிக்கக் கடை ஊழியர்களுக்கான கோடை முகாம் பேர் ரன் ஓடையோரம் நடந்து வந்தது. பிறகு அந்த இடம் காஃப்மன் குடும்பத்தின் வார விடுமுறை இடமாயிற்று. அங்கே இருந்தது ஒரு சாதாரண மரவீடு. எட்கரும் மனைவி லிலியனும் நல்ல வீடு ஒன்று கட்ட நினைத்தார்கள்.

ஃப்ராங்க் லாயிட் ரைட் பிறந்தது 1867-இல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் புகழோடு இருந்தவர். டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் அவர் கைவண்ணம்தான். ஆனால் 1930-களில் நிலைமை வேறு. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் யாரும் வீடு கட்டவில்லை. ரைட்டுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. "அவர் காலம் முடிந்தது" என்றே பலர் நினைத்தார்கள். 1932-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தன் டாலியெசின் இல்லத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மாணவர்கள் கட்டணமும் கட்டி, வயல் வேலை, சமையல் வேலையும் பார்த்துக் கட்டடக் கலை கற்றார்கள். ஒருவகைக் குருகுலம்!

அந்தக் குருகுலத்தில் 1934-இல் சேர்ந்த மாணவர்களில் ஒருவர் எட்கர் காஃப்மன் ஜூனியர், அதாவது கடை முதலாளியின் மகன். மகனைப் பார்க்க வந்த அப்பாவும் குருவும் நண்பர்கள் ஆனார்கள். வேலை இல்லாத மேதை ஒருவர், பெருமந்தத்திலும் கையில் பணம் உள்ள வியாபாரி ஒருவர். இந்தச் சந்திப்பு நடக்காவிட்டால் ஃபாலிங்வாட்டர் இல்லை.

1934 டிசம்பரில் ரைட் பேர் ரன் ஓடையை நேரில் பார்த்தார். காஃப்மனிடம் ஒன்றுதான் கேட்டார்: அந்த இடத்தின் ஒவ்வொரு பெரிய பாறையும் ஒவ்வொரு பெரிய மரமும் குறிக்கப்பட்ட அளவை வரைபடம். அது 1935-இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. அப்புறம் மாதங்கள் ஓடின. ரைட்டிடமிருந்து ஒரு கோடு கூட வரவில்லை.

ஒரு காலை நேர வேலை

1935 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. காஃப்மன் மில்வாக்கி நகரிலிருந்து ரைட்டுக்குத் தொலைபேசினார். வரைபடத்தைப் பார்க்கக் கிளம்பி வருவதாகச் சொன்னார். மேசையில் எதுவும் இல்லை. ஆனால் ரைட் கொஞ்சமும் அசராமல், "வாருங்கள், தயாராக இருக்கிறது" என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். காஃப்மன் காரில் வந்து சேர்வதற்குள், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், தரைத்தளம், மேல்தளங்கள், குறுக்குவெட்டு என்று வரைந்து தள்ளினார். மாணவர்கள் பென்சில் சீவிச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்கர் டாஃபெல், பாப் மோஷர் என்ற இரண்டு மாணவர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தவர்கள். டாஃபெல் பிற்காலத்தில் எழுதி வைத்ததால்தான் இந்தக் கதை உலகத்துக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு படித்தால் போதும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்! ஒன்பது மாதம் அந்த இடம் அவர் மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாறை எங்கே, எந்த மரம் எங்கே என்பது மனப்பாடம். அன்று காலை நடந்தது இறக்கி வைத்த வேலை மட்டும்தான்.

வந்து பார்த்த காஃப்மனுக்கு அதிர்ச்சி. அருவிக்கு எதிரே, தெற்குக் கரையில் வீடு வரும், சன்னலைத் திறந்தால் அருவி தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். ரைட்டோ வீட்டை அருவியின் தலையிலேயே உட்கார வைத்திருந்தார். அருவியைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, அதோடு சேர்ந்து வாழ்வதற்கு வீடு என்பது ரைட் சொன்ன விளக்கம். தினமும் பார்க்கும் காட்சி சில நாளில் பழகிப்போகும். காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர் வாழ்க்கையில் கலந்துவிடும் என்பது அந்த எண்ணம். காஃப்மன் ஒப்புக்கொண்டார்.

கம்பி விவகாரம்

அருவிமேல் வீடு என்றால் அதைத் தாங்குவது எது? ஓடை நடுவே தூண் எழுப்பினால் அழகு போய்விடும். ரைட் தேர்ந்தெடுத்தது கான்டிலீவர் முறை. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்பது. நம் வீட்டுச் சன்ஷேடும் பால்கனியும் இதே வகைதான். ஆனால் சன்ஷேடு இரண்டடி நீளும். ரைட்டின் கூடமும் மாடமும் சுமார் 15 அடி ஓடைக்கு மேல் நீண்டன. அதற்கு மேலே இன்னொரு மாடம் வேறு. வீட்டின் மொத்தப் பரப்பு 5,330 சதுர அடி. அதில் 2,445 சதுர அடி திறந்த மாடங்கள். கிட்டத்தட்ட பாதி வீடு வெளியேதான் இருக்கிறது.

கான்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அந்தரத்தில் நீட்டிய தளம் தன் கனத்தில் கீழே வளையப் பார்க்கும்போது அதன் மேற்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது உள்ளே வைத்த இரும்புக் கம்பி. கம்பி போதவில்லை என்றால் தளம் தொங்க ஆரம்பிக்கும். எந்தக் கொத்தனாரும் இதைச் சொல்லுவார்.

1936-இல் வேலை தொடங்கியது. பக்கத்திலேயே இருந்த பழைய கற்குழியைத் திறந்து சுவருக்கு மணற்கல் எடுத்தார்கள். காஃப்மன் வியாபாரி. நண்பர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடுகிற ஆள் இல்லை. பிட்ஸ்பர்க்கில் தனக்குத் தெரிந்த பொறியாளர்களிடம் வரைபடங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார். அவர்கள் இடத்தையும் திட்டத்தையும் பற்றிச் சந்தேகம் எழுப்பினார்கள். ரைட்டுக்கு வந்ததே கோபம்! வரைபடங்களைத் திருப்பிக் கேட்டார். காஃப்மன் சமாதானம் செய்தார். அந்த அறிக்கையை வீட்டின் கற்சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

அதோடு முடியவில்லை. கூடத்தின் தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன் மெட்ஸ்கர்-ரிச்சர்ட்சன் என்ற பொறியியல் நிறுவனத்தார் ரைட் தரப்பின் கம்பிக் கணக்கைச் சரிபார்த்தார்கள். போதாது என்றார்கள். ரைட்டிடம் சொல்லாமலே கம்பியின் அளவு இரண்டு மடங்காக்கப்பட்டது. விஷயம் தெரிந்ததும் ரைட் கொதித்துப் போனார். கூடுதல் கம்பி கூடுதல் கனம், என்னை நம்பவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்கிற தொனியில் காஃப்மனுக்குக் கடிதம் எழுதினார். இடத்தில் இருந்த தன் மாணவர் மோஷரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்.

கான்கிரீட் இறுகிச் சென்ட்ரிங் பிரித்த அன்றே கூடத்தின் முனை ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியது. கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். ஆனால் இது கொஞ்சம் அல்ல.

இன்னொரு கதையும் உண்டு. மேற்கு மாடத்துக்குக் கீழே பாதுகாப்புக்காக ஒரு முட்டுச்சுவர் எழுப்பச் சொன்னார் காஃப்மன். சுவர் எழும்பியது. அதைக் கவனித்த ரைட், சுவரின் மேல்வரிசைக் கற்களை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடச் சொன்னாராம். சில வாரம் கழித்து வந்த காஃப்மன், சுவர் எழுப்பியதைத் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டபோது, ரைட் அவரைக் கீழே அழைத்துப் போய், சுவர் மாடத்தைத் தொடவே இல்லை, மாடம் தானாகவே நிற்கிறது பாருங்கள் என்று காட்டினாராம். அந்தச் சுற்றில் வெற்றி ரைட்டுக்கு.

பேரேட்டைப் புரட்டினால்

முக்கிய வீடு 1937-இல் ஏறக்குறைய முடிந்தது. மேட்டின் மேல் விருந்தினர் இல்லம் 1939-இல். மொத்தச் செலவு 1,55,000 டாலர் இப்படிப் பிரிகிறது: வீட்டுக்கு 75,000. மரச்சாமான், உள்வேலைகளுக்கு 22,000. விருந்தினர் இல்லம், கார் நிறுத்துமிடம், பணியாளர் அறைகளுக்கு 50,000. ரைட்டுக்குக் கட்டணம் 8,000. அதாவது உலகமே புகழும் அந்த மூளைக்குக் கிடைத்தது மொத்தச் செலவில் சுமார் ஐந்து சதவீதம்தான்!

செலவு இன்னும் ஏறியிருக்கும். கான்கிரீட் முழுவதற்கும் தங்க ரேக்கு ஒட்டலாம் என்று ரைட் ஒரு யோசனை சொன்னார். காஃப்மன் மறுத்துவிட்டார். கடைசியில் வெளிர் மஞ்சள் கலந்த சந்தன நிறம் பூசப்பட்டது. காட்டில் காய்ந்து விழும் இலையின் நிறத்தோடு அது ஒத்துப்போகிறது. இரும்புச் சட்டங்களுக்கு ரைட்டுக்குப் பிடித்த செந்நிறம். இன்று இந்த இரண்டு நிறங்களையும் பார்த்து "காட்டோடு கலந்த வீடு" என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டில் ஒரு பங்கு தங்கம் வேண்டாம் என்று சொன்ன முதலாளிக்கும் சேர வேண்டும்.

வரவுப் பக்கம் என்ன? 1938 ஜனவரியில் டைம் பத்திரிகையின் அட்டையில் ரைட் வந்தார். அவருக்குப் பின்னால் ஃபாலிங்வாட்டரின் வரைபடம். அதே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் கண்காட்சி வைத்தது. காலம் முடிந்தது என்று ஒதுக்கப்பட்டவர் மறுபடி உச்சத்துக்குப் போனார். 1959-இல் இறக்கும்வரை வேலை ஓயவில்லை. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அருவியோடு குடித்தனம்

காஃப்மன் தம்பதியர் வார விடுமுறைகளில் அங்கே வந்து தங்கினார்கள். விரும்பியே தங்கினார்கள். ஆனால் தண்ணீருக்கு மேல் வீடு கட்டினால் தண்ணீர் சும்மா இருக்குமா? கூரை ஒழுகியது, சன்னல் ஒழுகியது, காற்றில் எப்போதும் ஈரம். ஒழுகும் நீரைப் பிடிக்க எத்தனை வாளி வைக்க வேண்டும் என்று எண்ணி, இது "ஏழு வாளி வீடு" என்று காஃப்மன் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். ஃபாலிங்வாட்டர் என்றால் விழும் நீர். அதற்குப் பதிலாக "எழும் பூஞ்சணம்" என்று பெயர் வைத்திருக்கலாம் என்பதும் அவர் அடித்த ஜோக்தானாம். துணி அலமாரிகளின் தட்டுகளில் காற்றோட்டத்துக்காகப் பிரம்புப் பின்னல் வைத்திருக்கிறார்கள். ரைட்டும் ஈரத்தை எதிர்பார்த்தே இருந்தார் என்று தெரிகிறது.

கிண்டல் ஒரு பக்கம். காஃப்மன் இன்னொரு காரியமும் செய்தார். மாடங்கள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று அவ்வப்போது ஆள் வைத்து அளந்து குறித்து வைத்தார். 1955-இல் அவர் இறக்கும்வரை இது நடந்தது. ரைட்டைத் தொடர்ந்து நம்பினார், அவரோடு நட்பாகவும் இருந்தார். ஆனாலும் அளக்கிற வேலையை நிறுத்தவில்லை.

பெற்றோருக்குப் பிறகு மகன் எட்கர் காஃப்மன் ஜூனியர் 1963-இல் வீட்டையும் சுற்றியுள்ள சுமார் 1,500 ஏக்கர் நிலத்தையும் மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். 1964-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இதுவரை 50 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்திருக்கிறார்கள். 1991-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் உறுப்பினர்கள் இதை அமெரிக்கக் கட்டடக் கலையின் ஆகச் சிறந்த படைப்பு என்று தேர்ந்தெடுத்தார்கள்.

ஏழு அங்குலம்

ஆகச் சிறந்த படைப்பு என்று பாராட்டிய அதே பத்தாண்டில்தான் பொறியாளர்கள் மாடத்தை மறுபடி அளந்தார்கள். பதினைந்து அடி நீளத்தில் ஏறக்குறைய ஏழு அங்குலம் இறங்கியிருந்தது. அதைவிடக் கவலையான விஷயம், இறங்குவது நிற்கவே இல்லை. ஆறு பத்தாண்டுகள் கழித்தும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது.

ராபர்ட் சில்மன் என்ற பொறியாளரின் நிறுவனம் ஆராய்ந்தது. கண்டுபிடித்தது இதுதான்: கூடத் தளத்தில் இரண்டு மடங்காக்கிய கம்பியே போதவில்லை. ரைட் தரப்பு முதலில் சொன்ன அளவோடு விட்டிருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும் என்று கருதும் பொறியாளர்கள் உண்டு. இன்னொன்றும் தெரிந்தது. மேல் மாடம் தானாக நிற்கவில்லை. கூடத்துச் சன்னல்களின் இரும்புச் சட்டங்கள் வழியாகத் தன் கனத்தைக் கீழ்த்தளத்தின் மேல் இறக்கி வைத்திருந்தது. கீழே உள்ளவன் தனக்கே தள்ளாடும்போது மேலே உள்ளவனையும் சுமந்துகொண்டிருந்தான்!

1997-இல் ஓடைக்குள்ளிருந்து இரும்பு முட்டுகள் கொடுத்து மாடத்தைத் தாங்கினார்கள். தூணே வேண்டாம் என்று ரைட் அடம்பிடித்த அதே இடத்தில் சில ஆண்டுகள் முட்டு நின்றது. 2002-இல் நிரந்தர வேலை. கூடத்தின் தரைக் கற்களை ஒவ்வொன்றாக எண் போட்டுப் பெயர்த்தார்கள். உள்ளே இருந்த பெரிய கான்கிரீட் விட்டங்களை ஒட்டி எஃகு வடங்களைப் பொருத்தி, ஜாக்கி வைத்து இறுக்கி இழுத்துக் கட்டினார்கள். கற்களைப் பழைய இடத்திலேயே பதித்தார்கள். முட்டுகள் அகற்றப்பட்டன. தொங்கிய மாடத்தை மறுபடி மட்டமாக்க அவர்கள் முயலவில்லை. அப்படிச் செய்தால் வேறு இடங்களில் விரிசல் விடும். இனிமேல் இறங்காமல் நிறுத்துவதே நோக்கம். இன்றும் கூர்ந்து பார்த்தால் சாய்வு தெரியும்.

நீர்க்கசிவுத் தடுப்பு முதலான எல்லாம் சேர்த்து அந்தச் சீரமைப்புக்கு ஆன செலவு 1 கோடியே 15 லட்சம் டாலர். 1930-களின் டாலரும் 2002-இன் டாலரும் ஒன்றல்ல. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் கட்டிய செலவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வருகிறது. 2019-இல் ரைட்டின் வேறு ஏழு கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது இடம்பெற்றது. 2025-இல் மறுபடியும் சாரம் கட்டி, சுமார் 70 லட்சம் டாலர் திட்டத்தில் ஒழுகலை அடைக்கும் வேலை நடந்தது. ஏழு வாளிகளின் கதை இன்னும் முடியவில்லை.

இயைந்ததா, எதிர்த்ததா?

இதையெல்லாம் படித்த பிறகு "இயற்கையோடு இயைந்த வீடு" என்ற பட்டம் பொருந்துமா என்று கேட்கத் தோன்றும்.

கண்ணுக்குப் பொருந்தும். அந்தக் கற்சுவர்கள் அந்த மலையின் கல். மாடங்கள் ஓடையின் பாறை அடுக்குகளைப் போலவே கிடைமட்டமாக நீள்கின்றன. பாறையை உடைக்காமல் அதன் மேலேயே அடுப்பு மூட்டினார்கள். ஒரு மரத்துக்காகக் கான்கிரீட்டையே வளைத்தார்கள். இதெல்லாம் வெறும் விளம்பரம் இல்லை.

ஆனால் இயற்கை என்பது மரமும் அருவியும் மட்டும் அல்ல. கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பும் இயற்கைதான். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே புகும் மழைநீரும், அலமாரியில் பூக்கும் பூஞ்சணமும் இயற்கைதான். அவற்றோடு இந்த வீடு இயைந்து போகவில்லை, சண்டை போட்டது. அந்தச் சண்டையில் ரைட்டின் மேதைமை மட்டும் இருந்திருந்தால் வீடு தோற்றிருக்கும். காப்பாற்றியது யார்? ரைட்டுக்குத் தெரியாமல் கம்பியைக் கூட்டியவர்கள். வருடா வருடம் அளந்து குறித்த முதலாளி. எண் போட்டுக் கல்லைப் பெயர்த்த தொழிலாளர்கள். சீட்டு வாங்கி வரும் பார்வையாளர்களின் பணமும் நன்கொடையும்.

அதற்காக ரைட்டைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. முதல் அறிக்கை கொடுத்த பொறியாளர்கள் பேச்சை முழுக்கக் கேட்டிருந்தால் அருவிமேல் வீடே இல்லை. எதிர்க்கரையில், அருவி தெரிகிற மாதிரி, எல்லாப் பணக்காரர்களும் கட்டுகிற ஒரு நல்ல வீடு வந்திருக்கும். அது ஒழுகியிருக்காது. யாரும் அதைப் பார்க்கக் காட்டுக்குள் நடந்து வந்திருக்கவும் மாட்டார்கள்.

அதனால்தான் இந்த வரலாற்றில் உண்மையான கதாநாயகன் காஃப்மன் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு மேதையை நம்பிப் பணம் போடும் துணிச்சலும் வேண்டும், அவர் கணக்கை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கும் எச்சரிக்கையும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் உள்ளவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது அபூர்வம். தணிக்கை என்பது நம்பிக்கைக்கு எதிரி அல்ல என்று எந்தப் பாடப்புத்தகத்தையும் விட இந்த வீடு நன்றாகச் சொல்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. இந்த வீட்டுக்கு மூலதனம் கொடுத்த காஃப்மன்ஸ் கடை 1946-இல் மே என்ற பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. 2006-இல் காஃப்மன்ஸ் என்ற பெயரே போய் மேசிஸ் ஆனது. 2015-இல் பிட்ஸ்பர்க் நகர நடுவில் இருந்த அந்தப் பெரிய கடை மூடப்பட்டது. கடைக்குள் ரைட் வடிவமைத்துக் கொடுத்த காஃப்மனின் அலுவலக அறை, மரப்பலகை முதற்கொண்டு கழற்றப்பட்டு, லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லாபம் கொடுத்த தொழில் எதுவும் மிஞ்சவில்லை. ஒருநாளும் லாபம் கொடுக்காத, போட்ட பட்ஜெட்டை நான்கு மடங்கு தாண்டிய, இன்னும் ஒழுகிக்கொண்டிருந்த விடுமுறை வீடு மிஞ்சி நிற்கிறது. காஃப்மன் பெயரை இன்று யாராவது சொன்னால் அந்த வீட்டுக்காகத்தான் சொல்கிறார்கள்.